பானா டானா இம்மு: ஒன்றாம் வகுப்பு டீச்சர் பதில்கள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவதைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் அறிவிப்பு வந்தது. நாலைந்து கடிதம் வரும் என்று நினைத்தேன். ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 33 வருடம் வேலை பார்த்தவள் நான். பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்பு. நானாகக் கேட்டு வாங்கியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் அந்த வகுப்பை எடுக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

என் மகன் அ முதல் ஃ வரை, க முதல் ன வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வரிசையாக எழுதவும் செய்வான். ஆனால் ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் திருதிருவென்று விழிக்கிறான். எங்கே கோளாறு?
- ஒரு அம்மா, ஓசூர்

பையனிடம் கோளாறு எதுவும் இல்லை அம்மா. அவனுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், அதைப் பிசகாமல் பாடுகிறான். நீங்கள் இப்போது கேட்பது வேறு வேலை.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். 1985-இல் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே என் பிள்ளைகள் எல்லாரும் ‘க ங ச’ ஒப்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி கரும்பலகையில் ‘த’ எழுதி, முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தையிடம் “இது என்னம்மா?” என்று கேட்டார். அவள் பலகையைப் பார்த்தாள். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். அதில் அதே உருவம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்ணால் தேடிப் பிடித்துவிட்டு, விரலை நீட்டி முதல் கட்டத்திலிருந்து “க, ங, ச, ஞ, ட, ண” என்று பாடிக்கொண்டே வந்து, ஏழாவது கட்டத்தில் நின்று “த!” என்றாள். அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அட்டையைத் திருப்பி மாட்டினார். அதற்கப்புறம் எந்தக் கேள்விக்கும் என் வகுப்பிலிருந்து பதில் வரவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அந்தக் குழந்தையின் மூளையைப் பாருங்கள். எவ்வளவு சாமர்த்தியம்! எழுத்து மட்டும்தான் தெரியவில்லை.

உங்கள் பையனுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கலாம். எழுத்தின் பெயரும் அதன் சத்தமும் ஒன்றாகிப் போயிருக்கும். ‘படம்’ என்பதை ‘பானா, டானா, இம்மு’ என்று படிக்கிற பிள்ளைகள் உண்டு. மூன்றையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால் என்ன வரும்? ‘பானாடானாஇம்மு’தான் வரும். ‘அ-அம்மா, ஆ-ஆடு’ என்று படித்த சில பிள்ளைகள் ‘அ’ தனியாக எங்கே வந்தாலும் ‘அம்மா’ என்றே படிக்கும். ‘அணில்’ என்ற சொல்லை என் வகுப்பில் ஒருவன் ‘அம்மாணில்’ என்று படித்தான். சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது.

எனக்கு வழி காட்டியது ஒன்றாம் வகுப்பே இல்லை. 1991-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ராத்திரி எட்டு மணிக்குமேல் தெருவிளக்கின் கீழே பெரியவர்களுக்கு வகுப்பு. கல் உடைக்கிற பெண்கள், களை எடுக்கிற பெண்கள் வருவார்கள். அந்தப் பாடத்தில் ‘அ, ஆ’ முதலில் கிடையாது. ‘பட்டா’ என்ற சொல்லில் தொடங்கினோம். பட்டா என்றால் என்ன, உன் வீட்டுக்கு இருக்கிறதா, யார் பேரில் இருக்கிறது என்று அரை மணி நேரம் பேச்சு. பேசி முடித்த பிறகுதான் எழுத்து. பத்தே நாளில் ஒரு அக்கா பேருந்துப் பலகையில் ‘ப’ இருக்கிறது என்று கண்டுபிடித்து, நடத்துநரிடம் சண்டை போடுகிற குரலில் படித்துக் காட்டினார். அந்த வருடத்திலிருந்து ஒன்றாம் வகுப்பிலும் சொல்லில்தான் தொடங்கினேன்.

நீங்கள் வீட்டில் இப்படிச் செய்யலாம். ட, ப, ம மூன்றை மட்டும் எடுங்கள். ட, ப இரண்டும் நேர்கோடு. ம-வில் ஒரே ஒரு வளைவு. எழுதுகிற கைக்கும் சுலபம். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. புள்ளி வைத்த ம், ட் இரண்டும் தனித் தாளில். இதை வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்காலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் நகர்த்தினால் பாடம், மாடம், மாமா, டாட்டா. ‘அ’-வையும் ‘ப்’-பையும் சேர்த்தால் அப்பா, அம்மா, அடடா, பாப்பா. ‘அடடா’ வந்த நாளில் வகுப்பே குதிக்கும்.

தாளை நகர்த்தும்போது எழுத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், சத்தத்தை மட்டும் சொல்லுங்கள். ப… ட… ம்… என்று மெல்ல இழுத்து, இரண்டாம் முறை கொஞ்சம் வேகமாக, மூன்றாம் முறை ஒரே மூச்சில். ‘படம்’ என்று அவன் வாயில் தானாக வந்து விழ வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அன்றைய பாடம் போச்சு.

247 எழுத்து என்று கேட்டு மலைக்க வேண்டாம். குறிகள் பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவை தானே வந்துவிடும். முரண்டு பிடிப்பது கு, கூ வரிசைதான். கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு இன்னொரு மாதிரி. அந்த இரண்டு வரிசைக்கும் பொதுவாக ஒரே குறி கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். அதற்கப்புறம் கொம்பு. ‘தே’ என்று சொல்லும்போது த முதலில் கேட்கிறது, எழுதும்போது கொம்பு முன்னால் போய் நிற்கிறது. பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயமாகப் படும். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. எனவே கொம்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பதினோராவது நிமிடம் அவனாகக் கேட்டால் மட்டும்.

நான் ‘தலை’ என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்த பேரன், “தாத்தா தப்பா எழுதுறாங்க” என்று பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறான். நான் அந்தக் காலத்து லை எழுதுகிறேன், யானைத் துதிக்கை மாதிரிச் சுழி போட்டு. அது தப்பா?
- ஒரு தாத்தா, காரைக்குடி

தப்பில்லை ஐயா. நீங்கள் படித்த காலத்தில் அதுதான் சரி. ணை, லை, ளை, னை நான்கும், ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர, ஓகார எழுத்துகள் ஆறும், ஆக 13 எழுத்துகளின் வடிவத்தைத் தமிழக அரசு 1978-இல் மாற்றியது. பெரியார் 1935-இலேயே தம் பத்திரிகையில் அச்சிடத் தொடங்கிய வடிவம் அது. நானும் பழைய எழுத்தில் படித்துப் புதிய எழுத்தில் பாடம் நடத்தியவள்தான். அவசரத்தில் கரும்பலகையில் துதிக்கை வந்துவிடும். பிள்ளைகள் “டீச்சர், யானை!” என்று கத்துவார்கள்.

பேரனுக்கு எழுதிக் கொடுக்கும்போது மட்டும் புதிய வடிவம் எழுதுங்கள். இரண்டாம் வகுப்புக்குப் போனபிறகு உங்கள் பழைய கடிதம் ஒன்றைக் காட்டி, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மிட்டாய் வாங்கித் தந்தாலும் அவ்வளவு சந்தோஷப்பட மாட்டான்.

ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் சேர்த்து 26 பிள்ளைகள் என்னிடம். ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டத்தின் பயிற்சிப்படி, படிக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறேன். ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்ற இரண்டும் சந்தைக்கடை ஆகிவிடுகின்றன.
- ஓர் ஆசிரியர், ஜவ்வாது மலை

தம்பி, சந்தைக்கடை என்று நீங்களே நல்ல உதாரணம் சொல்லிவிட்டீர்கள். சந்தையில் எல்லாரும் சத்தம் போடுகிறார்கள், ஆனால் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. வேலை இல்லாத சத்தம்தான் தொல்லை.

எண்ணும் எழுத்தும் 2022-இல் வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அதனால் அந்தப் பயிற்சி நூலைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால் வயதைப் பார்க்காமல் வாசிப்பைப் பார்த்துப் பிரிப்பது சரியான காரியம். என்னிடம் இரண்டாம் வகுப்பில் ‘ப’ தெரியாதவனும் இருந்தான், ஒன்றாம் வகுப்பில் பஞ்சாங்கம் படிக்கிறவளும் இருந்தாள்.

நான் செய்தது ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பறை வாசலில் ஆளுக்கொரு ஆணி அடித்தேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அட்டையில் எழுதி, நூல் கட்டி, ஒரு கூடையில் போட்டு வைத்தேன். காலையில் வருகிற பிள்ளை தன் பெயரைத் தேடி எடுத்துத் தன் ஆணியில் மாட்ட வேண்டும். எல்லாரும் வந்தபிறகு கூடையில் மிச்சம் கிடக்கிற அட்டைகள்தான் அன்றைக்கு வராதவர்கள். அவற்றைப் படித்துச் சொல்வது நன்றாகப் படிக்கிறவர்களின், அதாவது உங்கள் மலர்க் குழு மாதிரிப் பிள்ளைகளின் வேலை. வருகைப் பதிவேட்டை நான் அதைப் பார்த்துத்தான் எழுதினேன். முதல் வாரம் பெயரை யாரும் படிக்கவில்லை, அட்டையின் மூலையில் இருந்த மைக்கறையைப் பார்த்து எடுத்தார்கள். மறுவாரம் எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன், கறை இல்லாமல். அதற்கடுத்த மாதம் தன் பெயரோடு பக்கத்து வீட்டுக்காரன் பெயரும் படிக்க வந்துவிட்டது. அப்புறம் “டீச்சர், என் பேர்ல இருக்கிற ‘மு’ இவன் பேர்லயும் இருக்கு” என்று பஞ்சாயத்து.

அரும்புக் குழுவுக்குச் சுவரின் அடியில் ஓடுகிற கரும்பலகையைக் கொடுங்கள். பிள்ளைகள் அட்டைகளை ஏணிப்படி மாதிரி வரிசையில் தாங்களே படித்துப் போகிற ‘செயல்வழிக் கற்றல்’ திட்டம் வந்த காலத்தில் கட்டியது, பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. அட்டையும் ஏணிப்படியும் எனக்கு ரொம்பப் பிடித்தன என்று சொல்ல மாட்டேன், பாதி நேரம் அட்டையைத் தேடுவதிலேயே போகும். ஆனால் அந்தக் கீழ்ப்பலகை ஒன்றுக்காகவே அந்தத் திட்டத்தைக் கும்பிடலாம். பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில் ஆளுக்கு ஒரு முழம். கறுப்பு மங்கியிருந்தால் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுங்கள். அரைப்பதும் பூசுவதும் உங்கள் கையோடு இருக்கட்டும், ஊமத்தை விஷம்.

மொட்டுக் குழுவுக்கு ஒரு வேலை. தினம் ஒரு பிள்ளை தன் வீட்டில் நடந்ததை ஒரு வரி சொல்ல வேண்டும். அவன் சொன்னதைச் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். என் வகுப்பில் ஒரு நாள் வந்த வரி: “எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கறுப்பு.” அன்றைக்கு முழுக்க அதுதான் பாடப் புத்தகம். யார் வேண்டுமானாலும் போய் விரல் வைத்துப் படிக்கலாம். நீங்கள் அரும்போடு உட்கார்ந்திருக்கும்போது இவர்கள் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. “போட்டுச்சு என்று கரும்பலகையில் எழுதலாமா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்றார். ஒரு வாரம் நிறுத்தியும் வைத்தேன். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. புத்தகத் தமிழில் சொல்லத் தெரிந்தால்தானே சொல்வார்கள்! மறுபடியும் தொடங்கினேன். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு, சொன்ன வரியின் கீழேயே “எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது” என்று இன்னொரு வரியும் எழுதினேன். இரண்டையும் படித்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: “ரெண்டாவது, புக்கு பேசுற மாதிரி இருக்கு டீச்சர்.” பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என்று அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

மலைக்குத் தினம் ஏறி இறங்குகிறீர்களா, அங்கேயே தங்குகிறீர்களா என்று எழுதவில்லை. தங்குவதாக இருந்தால் உங்களுக்கு ஆட்டுக் கதைக்குப் பஞ்சமே வராது.

ஆறு வயது மகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பக்கம் வீட்டுப்பாடம். நாலு கோட்டில் ஒரு பக்கம், இரண்டு கோட்டில் ஒரு பக்கம், கட்டத்தில் ஒரு பக்கம். கை வலிக்கிறது என்று அழுகிறாள். பள்ளியில் கேட்டால், “இப்போ பழகலேன்னா எப்போ பழகும்?” என்கிறார்கள்.
- ஓர் அப்பா, சென்னை

கை வலிக்கிறது என்று அவள் சொன்னால் வலிக்கிறது. மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் இருக்க வேண்டும். ஆறு வயதில் அவை எல்லாம் முழு எலும்பாக மாறியிருக்காது, இன்னும் குருத்து மிச்சம் இருக்கும். அந்தக் கையைத்தான் மூன்று பக்கம் எழுதச் சொல்கிறார்கள்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதைச் சொல்லி, அந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் சுற்றறிக்கை அனுப்பியது. வீட்டில் தராசு இருந்தால் ஒரு நாள் பையை நிறுத்துப் பாருங்கள்.

சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. நாட்குறிப்பில் “இன்று அரைப் பக்கம் எழுதினாள். கை வலித்ததால் நான் நிறுத்தினேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நாலு பெற்றோர் இப்படி எழுதினால் பக்கம் தானாகக் குறையும். மிச்ச நேரத்தில் களிமண், சப்பாத்தி மாவு, பட்டாணி உரிப்பது, பூக்கட்டுவது என்று விடுங்கள். பென்சில் பிடிக்கிற விரல்களுக்கு அதெல்லாம்தான் பயிற்சி.

இன்னொன்று. பலகையைப் பார்த்து மூன்று பக்கம் எழுதுகிற பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். கோலம் போடுவது மாதிரிதான், பார்த்துப் போடுகிறது. அவள் எழுதிய பக்கத்தில் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். படித்தால் சந்தோஷம். படிக்கவில்லை என்றால் அந்த மூன்று பக்கமும் யாருக்காக என்று பள்ளியில் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைக்கும்.

என் மகள் ‘ட’-வையும் 3-ஐயும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதுகிறாள். இடது கைப் பழக்கமும் உண்டு. ‘டிஸ்லெக்சியா’ என்கிற, எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று என் நாத்தனார் சொல்கிறார். மாமியார் கையை மாற்றச் சொல்கிறார்.
- ஒரு அம்மா, திண்டுக்கல்

முதலில் மாமியாருக்கு: கையை மாற்ற வேண்டாம் அம்மா. சாப்பிடுகிற கை உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. எழுதுகிற கை அவள் மூளை தேர்ந்தெடுத்தது. நோட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்து, பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதாது. அவ்வளவுதான்.

நாத்தனாருக்கு: ஆறு வயதில் திருப்பி எழுதுவது சர்வ சாதாரணம். ஒரு செம்பை இப்படி வைத்தாலும் செம்பு, திருப்பி வைத்தாலும் செம்பு என்று ஐந்து வருடம் உலகத்தைப் பார்த்த குழந்தை அது. எழுத்தை மட்டும் திருப்பினால் வேறாகிவிடும் என்பது அதற்குப் புதுச் செய்தி. ஏழு, ஏழரை வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். புளியங்கொட்டையை எழுத்தின்மேல் அடுக்கச் சொல்லுங்கள், தொடங்குகிற இடத்தில் மட்டும் ஒரு சிவப்புக் குன்றிமணி நிறத்துப் பொட்டு வையுங்கள். (குன்றிமணியே வேண்டாம், வாயில் போட்டால் ஆபத்து.)

எதைக் கவனிக்க வேண்டும் என்றால், சத்தத்தைக் கவனியுங்கள். ‘கல், பல், நெல்’ மூன்றும் ஒரே மாதிரி முடிகின்றன என்று காது பிடிக்கிறதா? ‘பட்டம்’ முதலில் எந்தச் சத்தம் என்று கேட்டால் சொல்கிறாளா? நேற்றுப் படித்த எழுத்தை இன்று புதிதாகப் பார்ப்பது போல, மாதக்கணக்கில், தினம் தினம் பார்க்கிறாளா? அப்படி இருந்தால் முதலில் கண், அப்புறம் காது பரிசோதனை. என் வகுப்பில் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய ஒருவனுக்குக் கண்ணாடி போட்ட மறுநாள், கரும்பலகையில் இவ்வளவு எழுதியிருக்கிறதா என்று என்னையே கேட்டான். அவனை நான் எத்தனை முறை முறைத்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் தடுமாறினால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறது. கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆறு வயதில் யாராவது அவசரமாகப் பெயர் சூட்டினால் நம்பாதீர்கள்.

இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர் நான். பீகாரிலிருந்து வந்த பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள் நான்கு பேர் வருகிறார்கள். ஒரு பையன், “காகத்தில் முதல் க வேற மாதிரி, ரெண்டாவது க வேற மாதிரி கேக்குது, ஆனா ஒரே மாதிரி எழுதுறீங்களே அக்கா” என்கிறான். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, திருப்பூர்

அவனுக்கு ஒரு பூமாலை போடுங்கள். அவன் மொழியில் நம் ஒரு க-வின் இடத்தில் நான்கு எழுத்து. அதனால் அவன் காது இந்த விஷயத்தில் நம் காதைவிடக் கூர்மை. நம் வீட்டுப் பிள்ளைக்கு ‘கடல்’ என்றால் அழுத்தி, ‘பக்கம்’ என்றால் இன்னும் அழுத்தி, ‘தங்கம்’, ‘அகல்’ என்றால் மெலிதாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வாய்க்கே தெரியும். அவனுக்குச் சொல்லித் தர வேண்டும். சொல்லின் முதலில் வந்தால் அழுத்தம், இரட்டித்தாலும் அழுத்தம், மெல்லினத்துக்குப் பின்னாலும் இரண்டு உயிருக்கு நடுவிலும் மெலிவு. விதியாகச் சொல்லாமல் சொற்களை இரண்டு கூடையில் போடச் சொல்லுங்கள், அவனே விதியைச் சொல்லிவிடுவான்.

மற்றபடி, எழுத்துக்கு அவசரப்படாதீர்கள். ஒரு மொழியைப் பேசாத பிள்ளைக்கு அதன் எழுத்து வெறும் கோடு. இரண்டு மாதம் பேச்சும் விளையாட்டும் நடக்கட்டும். அவன் ஏற்கெனவே பேசுகிற தமிழ்ச் சொற்களைப் பட்டியல் போடுங்கள். அண்ணா, அக்கா, சோறு, தண்ணி, பனியன், கடை, பஸ் என்று இருபதாவது தேறும். அந்த இருபதுதான் அவன் அரிச்சுவடி. அவன் மொழியில் ‘அக்கா’வுக்கு என்ன என்று நீங்களும் கற்றுக்கொண்டு, தப்பாகச் சொல்லுங்கள். உங்களைத் திருத்துகிற சந்தோஷத்தில் அவனுக்குக் கூச்சம் போய்விடும்.

‘மழை’ என்பதை மகன் ‘மளை’ என்று எழுதுகிறான். எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் மறுபடியும் அதே.
- ஒரு அம்மா, ராமநாதபுரம்

‘அடித்து’ என்று எழுதியிருப்பது பென்சிலால் அடித்துத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் மழை பெய்யும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? நம் பக்கத்தில் பாதிப்பேர் ‘மளை’ என்றுதான் சொல்கிறோம், நானும் சேர்த்துத்தான். வாழைப்பழம் என் வாயில் அவசரத்தில் வாளப்பளமாகத்தான் வரும். பையன் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறான். ம, ளை இரண்டையும் பிசகாமல் பிடித்த காது அது. ஒன்றாம் வகுப்பில் அதற்கு முழு மதிப்பெண் தருவேன். சிவப்பு மை வேண்டாம், கீழே ‘மழை’ என்று நீங்கள் அழகாக எழுதி வையுங்கள்.

ன, ண, ந மூன்றுக்கும் பழைய வாத்தியார்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். றன்னகரம், டண்ணகரம், தந்நகரம் என்று பெயர். கன்று, கண்டு, கந்தல் பாருங்கள். ற-வுக்கு முன் ன், ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந். பெயரிலேயே விடை இருக்கிறது. ‘ரெண்டு சுழி, மூணு சுழி’ என்று நாம் சுருக்கியபோது அந்த விடையைத் தொலைத்துவிட்டோம். ஆனால் இதெல்லாம் மூன்றாம் வகுப்புக்கு. இப்போது விட்டுவிடுங்கள்.

இரண்டரை வயதுப் பேத்திக்கு விஜயதசமியில் அரிசியில் எழுத வைத்தோம். அதிலிருந்து தினமும் எழுத வைக்கலாமா?
- ஒரு பாட்டி, கும்பகோணம்

விஜயதசமி அன்று எழுதியதோடு சரி. பாயசம் சாப்பிட்டீர்களா, சந்தோஷம். இனி ஐந்து வயது வரை கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள்.

ஆனால் அரிசியில், மணலில் விரலால் எழுதுவதைப் பழசு என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதையும் சேர்த்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் அதைப் புத்தகமாகப் போட்டார். அது இங்கிலாந்துப் பள்ளிகளில் ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வாங்கியது. மணலில் தப்பாக எழுதினால் ஒரு தடவுத் தடவினால் போதும், அழிந்த தடம்கூடத் தெரியாது. ரப்பர் போட்டுத் தேய்த்துத் தாள் கிழிகிற வேதனை அதில் இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் பல்பம் தின்கிறாள் டீச்சர். மாதம் ஒரு டப்பா தீர்கிறது.
- ஒரு அம்மா, அறந்தாங்கி

நம்ம ஊர்க் கேள்வி! திட்டாதீர்கள், ஒளித்துவைத்துத் தின்பாள். ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் சில பிள்ளைகளுக்கு மண், சுண்ணாம்பு, பல்பம் என்று வாய் கேட்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் கொடுக்கிற குடற்புழு மாத்திரையை விழுங்கினாளா, வாயில் அடக்கி வெளியே வந்து துப்பினாளா என்றும் கேளுங்கள். முருங்கைக் கீரை, பேரீச்சை, கேழ்வரகு கொடுங்கள். அதுவரை எழுதுவதற்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு பல்பம், அதையும் பாதியாக ஒடித்து.

நானும் தின்றிருக்கிறேன். சிலேட்டைக் கோவை இலையால் தேய்த்துத் துடைத்த கையோடு, மிச்சமிருந்த குச்சியை வாயில் போட்டு. அந்த ருசி இன்னும் ஞாபகம் இருக்கிறது.